பனியன் கழிவுத் துணியில் நொய்யல் ஆற்றுப் படம்

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகக் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலைச் சுவர்த்தொங்கலாக அமைப்பதற்கு, அந்த ஆற்றைக் கெடுத்த தொழிலே மிச்சம் வைக்கும் பனியன் கட்டிங் வேஸ்ட்டைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது.

பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்து, 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள அடித்துணியாக்கிக்கொள்ளுங்கள். கழிவுத் துண்டுகளை ஈரமான வெள்ளைத்துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் இறங்குபவற்றை விலக்கிவிடுங்கள். புதிதாகச் சாயம் எதையும் ஏற்ற வேண்டாம். சாயநீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஆற்றுக்காகப் படம் தைப்பது முரணாகும்.

துண்டுகளைக் குறுக்குவாட்டில் 2 செ.மீ. அகல நாடாக்களாக வெட்டி இழுத்தால், பின்னலாடைத் துணிக்கே உரிய இயல்பினால் விளிம்புகள் சுருண்டு கயிறுபோல ஆகிவிடும். பென்சிலால் வரைந்துகொண்ட ஆற்றின் வழியில் அவற்றை நெருக்கமாகப் படுக்க வைத்து, மெல்லிய நூலால் விரற்கடைக்கு ஒரு குறுக்குத் தையல் போட்டு இறுக்குங்கள். இடது கோடியில் மலைக்குப் பச்சையும் ஆற்றுக்கு வெளிர்நிறங்களும் போதும். திருப்பூரை நெருங்கும்போது கருஞ்சிவப்பு, ஊதா, கறுப்பு நாடாக்களை ஒவ்வொன்றாக நுழையுங்கள். திடீரென்று நிறம் மாற்றினால் படம் விளம்பரத் தட்டிபோலாகிவிடும்.

அதிக நேரம் கேட்கும் இடம், திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை. பருத்தியில் சாயம் பிடிக்கச் சாயப்பட்டறைகள் ஏராளமாக உப்பைச் சேர்க்கின்றன. துணியில் தங்காத அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறி அணையில் தேங்கியதால், பாசனத்துக்கென்று கட்டிய நீர்த்தேக்கமே சுற்றியுள்ள நிலத்தையும் கிணறுகளையும் உவராக்கியது. இதைக் காட்ட உண்மையான உப்பைத் துணியில் படிய வைக்கலாம் என்று தோன்றும். மழைக்காலத்தில் அது கசிந்து துணியைக் கெடுக்கும். அதற்குப் பதிலாக அணைப்பகுதியில் வெள்ளை நூலால் முடிச்சுத் தையல்களை அடர்த்தியாகப் போட்டு, கரைதாண்டி வயல்களுக்குள் சிதறவிடுங்கள். செத்த மீன், மண்டையோடு போன்ற உருவங்கள் தேவையில்லை.

அணையைத் தாண்டி ஓடும் ஆற்றுக்கு எந்த நிறம் என்பது உங்கள் முடிவு. கழிவுநீரை வெளியேற்றும் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, சுத்திகரித்த நீரையே மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு அவை மாற வேண்டியிருந்தது. ஆகவே அங்கே முழுக் கறுப்பும் சரியன்று, பழைய வெளிர்நிறமும் சரியன்று. இரண்டையும் முறுக்கித் தைப்பது என் விருப்பம்.

மேல்விளிம்பை மடித்துத் தைத்து மூங்கில் குச்சியைச் செருகி, வெயில் நேரடியாகப் படாத சுவரில் மாட்டுங்கள்.