மோடிக்லியானி ஓவியத்தைக் கேன்வாஸில் அச்சிட்டு மாட்டுவது எப்படி?

நான் முதன்முதலில் அச்சிட்டு வாங்கிய மோடிக்லியானி ஓவியத்தில், அந்தப் பெண்ணின் கழுத்து அவர் வரைந்ததைவிட நீண்டிருந்தது. கையிருப்பிலிருந்த பிரேமுக்கு, அதாவது துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டத்துக்கு, பொருந்த வேண்டும் என்று கடைக்காரர்கள் படத்தை இழுத்துவிட்டார்கள். மனம் ஆறவில்லை. இத்தாலியின் லிவோர்னோ நகரில் 1884இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, பாரிசில் 35 வயதிலேயே மறைந்த அந்தக் கலைஞர், உருவங்களின் நீளத்தைத் தானே தீர்மானித்தவர். அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

முதலில் உரிமையைப் பாருங்கள். அவர் இறந்தது 1920இல். இந்தியச் சட்டப்படி கலைஞர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது, அதனால் தடையில்லை. 1985இல் இறந்த மார்க் ஷகாலின் ஓவியங்களுக்கு இது பொருந்தாது.

அடுத்து ஓவியத் தேர்வு. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 'ழான் எபுதெர்ன்' (1919). மூல அளவு 91.4 × 73 செ.மீ. பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.25 வரும். 20 × 16 அங்குலப் பிரேமுக்கும் அதே விகிதம்தான். வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். வேறு ஓவியம் என்றால் இந்த வகுத்தலைச் செய்துவிட்டுப் பிரேமை அதற்கேற்பச் செய்யச் சொல்லுங்கள்.

படக்கோப்பு அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே வரட்டும். அங்குலத்துக்கு 150 பிக்சலாவது தேவை; இந்த அளவுக்கு 3000 × 2400. இருமடங்கு கிடைத்தால் தூரிகைத் தடம்கூடத் தெரியும்.

பிரேம் கட்டை 1.5 அங்குலம் தடிமன் என்றால், பக்கவாட்டுக்கு 1.5, பின்புறம் மடிக்க 1, ஆக ஒவ்வொரு பக்கமும் 2.5 அங்குலம் கூடுதல் துணி வேண்டும். மொத்தம் 25 × 21. இந்த ஓரத்துக்கு ஓவியத்தையே நீட்டினால் அதன் விளிம்புகள் பக்கவாட்டில் மறைந்துவிடும். ஓரத்தை ஒற்றை நிறத்தில் விடச் சொல்லுங்கள்.

நிறத்தைப் 'பளிச்' என்று ஆக்க அனுமதிக்காதீர்கள். அவருடைய செம்மண் நிறங்கள் அடங்கியவை. முகப் பகுதியை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு முழுதும் அச்சிடலாம்.

மை ஒரு நாள் காயட்டும். கேன்வாஸைச் சுத்தமான துணிமேல் கவிழ்த்து, பிரேமை நடுவில் வையுங்கள். ஒரு பக்கத்தின் மையத்தில் ஒரு ஸ்டேப்பிள். எதிர்ப் பக்கத்தில் இறுக்கி இழுத்து இன்னொன்று. பிறகு மற்ற இரு பக்கங்கள். அங்கிருந்து இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, எதிரெதிரே மாறிமாறி மூலைகளை நோக்கி நகருங்கள். ஒரே பக்கத்தை முழுதும் அடித்து முடித்தால் துணி கோணும். கோணினால் முகமும் சாயும். மூலைகளைக் கடைசியில் மடித்து அடியுங்கள்.

பின்புறத்தில் 'அச்சுப் பிரதி' என்றும் அச்சிட்ட ஆண்டையும் அழியாத மையில் எழுதுங்கள். போலிகளால் மிகவும் அவதிப்பட்ட பெயர் மோடிக்லியானியுடையது. 2017இல் ஜெனோவாவில் நடந்த அவருடைய கண்காட்சி ஒன்றே அந்தச் சந்தேகத்தால் மூடப்பட்டது.