ஹாக்கி ப்ளேயரோட கேரியரை எடை போடுறது எப்படி: ஏலக் காசு, வேலை, கேப்ஸ், விருது

ஹாக்கி இந்தியா லீக் ஏலம் முடிஞ்சா போதும், யாரு எவ்ளோக்குப் போனாங்கன்னு ஒரு லிஸ்ட் சுத்த ஆரம்பிச்சுடும், அதை வச்சே இவரு பெரிய ப்ளேயர் அவரு சுமார்னு தீர்ப்பும் எழுதிடுவாங்க. விருது அறிவிச்சாலும் இதே கதைதான். கிரிக்கெட் பாத்துப் பாத்து நமக்குப் பழகிப்போன கணக்கு அது, ஹாக்கிக்கு சரிப்பட்டு வராது. ஹாக்கில ஒரு ப்ளேயரை புரிஞ்சுக்கணும்னா எதை முதல்ல பாக்கணும், எதை கடைசில பாக்கணும்னு ஒரு வரிசை இருக்கு, இத்தனை வருஷம் இந்த ஆட்டத்தைப் பாத்ததுல எனக்குப் பிடிபட்ட வரிசை அது. அதைத்தான் இங்க எழுதறேன்.

ஏலக் காசுல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறாங்க. 2024 அக்டோபர்ல டெல்லில நடந்த ஏலத்துல அப்போ இந்திய கேப்டனா இருந்த ஹர்மன்ப்ரீத் சிங்கை சூர்மா ஹாக்கி கிளப் 78 லட்சத்துக்கு எடுத்தாங்க, அந்த ஏலத்துலயே பெரிய தொகை அதுதான். அடுத்த மாசமே ஐபிஎல் ஏலத்துல ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனாரு, உடனே ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து ஹாக்கி ரசிகர்கள் எல்லாம் வயிறெரிஞ்சாங்க. வயித்தெரிச்சல் நியாயம்தான், ஆனா ஒரு ப்ளேயரை எடை போட அந்த ரூபா கணக்கு உதவாது. டீம் கைல இருந்த மொத்தக் காசுல அது எத்தனை சதவீதம்னு போட்டுப் பாருங்க. அந்த ஹாக்கி ஏலத்துல ஆண்கள் டீம் ஒண்ணுக்கு 4 கோடி, அதுல 78 லட்சம்னா 19.5 சதவீதம். ஐபிஎல்ல 120 கோடி, அதுல 27 கோடின்னா 22.5 சதவீதம். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நம்பிக்கை, மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கை ஒரே ஆள் மேல கட்டியிருக்காங்க. பெண்கள் டீமுக்கு 2 கோடிதான் குடுத்தாங்க, அதனால இந்திய டிஃபண்டர் உதிதா 32 லட்சத்துக்குப் போனதை 78ஓட ஒப்பிட்டு கம்மின்னு சொல்லாதீங்க, அது 16 சதவீதம். அந்தத் தடவை ஆண்கள் டீம்ல 24 பேரை எடுக்க வேண்டியிருந்துச்சு, வகுத்துப் பாத்தா ஆளுக்கு 16, 17 லட்சம் வருது, அதுக்கு மேல போனவங்க எல்லாரையும் அந்த டீம் முக்கியமான ஆளா நினைச்சிருக்குன்னு எடுத்துக்கலாம்.

இன்னொண்ணு, எந்த வேலைக்குக் காசு குடுத்தாங்கன்னு பாருங்க. ஹர்மன்ப்ரீத் ட்ராக் ஃப்ளிக்கர், அதாவது பெனால்ட்டி கார்னர்ல (கோல் பக்கத்துல எதிரணி பண்ற தப்புக்குக் கிடைக்கிற வாய்ப்பு) பந்தை ஸ்டிக்கால இழுத்துச் சுண்டி கோலுக்கு அனுப்பற ஆள். ஹைதராபாத் தூஃபான்ஸ் 68 லட்சம் குடுத்து எடுத்த கொன்சாலோ பெய்யாட்டும் ட்ராக் ஃப்ளிக்கர், நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் 54 லட்சத்துக்கு எடுத்த ஜிப் யான்சனும் ட்ராக் ஃப்ளிக்கர். அந்த சீசன்ல லீக் மொத்தமே அஞ்சு வாரம், அதுல பெனால்ட்டி கார்னரை கோலாக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் இருந்தா பாதிக் கவலை தீந்துச்சுன்னு எல்லா டீமுக்கும் தெரியும். அந்த சீசன் ஃபைனல்லயே ட்ராக் ஃப்ளிக்கர் ஜுக்ராஜ் சிங்தான் ஹாட்ரிக் அடிச்சு பெங்கால் டைகர்ஸை 4-3ன்னு ஜெயிக்க வச்சாரு. ஆக, ஏல விலைங்கிறது அந்த வருஷம் அந்த வேலைக்கு இருந்த கிராக்கி, அவ்ளோதான். பெய்யாட் 2016 ரியோல அர்ஜென்டினாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் ஜெர்மனிக்குப் போய் 2023 புவனேஸ்வர் உலகக் கோப்பையையும் ஜெயிச்ச மனுஷன், அந்த மொத்தக் கதையும் 68 லட்சத்துல எப்படி அடங்கும்?

லீக் இல்லாத காலத்துல ஆடினவங்களுக்கு ஏல விலையே கிடையாதுங்கிறதையும் மறக்காதீங்க. 2005ல ப்ரீமியர் ஹாக்கி லீக் வந்துச்சு, சென்னை வீரன்ஸ்னு நமக்கு ஒரு டீம் இருந்துச்சு, 2008ஓட அது நின்னுபோச்சு. 2012ல வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி, சென்னை சீட்டாஸ், ஒரே சீசன்ல முடிஞ்சுது. 2013ல ஹாக்கி இந்தியா லீக் ஆரம்பிச்சு 2017ல நின்னு, திரும்ப வர 2024 டிசம்பர் ஆச்சு. நடுவுல போன அந்த ஏழு வருஷம் சில பேருக்கு அவங்களோட நல்ல வயசு. பெண்களுக்கு லீக்கே 2025 ஜனவரிலதான் வந்துச்சு, ராணி ராம்பால் அதுக்கு மூணு மாசம் முன்னாடி ரிட்டயர் ஆகிட்டாங்க. 14 வயசுல இந்தியாவுக்கு ஆட வந்து, டோக்கியோ ஒலிம்பிக்ல டீமை நாலாவது இடம் வரைக்கும் கேப்டனா கூட்டிட்டுப் போனவங்களுக்கு எந்த ஏலத்துலயும் ஒரு விலை இல்ல. காசு லிஸ்டை வச்சு வரலாறு எழுதினா இவங்க பேரே அதுல வராது.

சரி, அப்ப ஹாக்கில உண்மையான கான்ட்ராக்ட் எது? வேலைதான். கோவில்பட்டி பக்கம் ஒரு பையன் நல்லா ஆடறான்னு சொன்னா பெரியவங்க கேக்கற முதல் கேள்வி "வேலை போட்டாச்சா?"ன்னுதான் இருக்கும். அதுதான் சரியான கேள்வி. சென்னைல லீக் மேட்ச் பாக்கப் போனீங்கன்னா டீம் பேரே அதைச் சொல்லிடும், ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இன்கம் டாக்ஸ்னு எல்லாம் ஆபீஸ் பேருதான். ஸ்போர்ட்ஸ் கோட்டால உள்ள போனா மாச சம்பளம், ப்ரமோஷன், ஆட்டத்தை விட்டப்புறமும் ஒரு நாற்காலி. பஞ்சாப்ல மெடல் அடிச்சவங்களை டிஎஸ்பி ஆக்கினாங்க, ஹர்மன்ப்ரீத்தும் அதுல ஒருத்தர். இந்திய டீம் கீப்பரா இருந்த ஸ்ரீஜேஷ் கேரளா கல்வித் துறைல இருந்தாரு, முன்னாள் கேப்டன் தன்ராஜ் பிள்ளை ஏர் இந்தியா. நேஷனல் டீமுக்கு ஆடறவங்களுக்கு ஜெயிக்கிற ஒவ்வொரு மேட்ச்சுக்கும் 50,000 ரூபான்னு ஹாக்கி இந்தியா 2022 நவம்பர்லதான் அறிவிச்சுது, அதுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு அதுவும் இல்ல.

அதனால ஒரு ப்ளேயரைப் பத்தித் தேடும்போது எந்த வயசுல வேலை கெடச்சுதுன்னு பாருங்க. 19, 20 வயசுல வேலை போட்டவன் முட்டி போனாலும் சோத்துக்குப் பஞ்சமில்லன்னு தைரியமா ஆடுவான். 24 வரைக்கும் வேலை கிடைக்காதவன் ஒவ்வொரு டோர்னமென்ட்டையும் இன்டர்வியூ மாதிரி ஆடுவான், பந்தை பாஸ் பண்ண வேண்டிய இடத்துல தானே அடிக்கப் பாப்பான், ஏன்னா கோல் அடிச்சவன் பேருதான் செலக்டர் நோட்டுல ஏறும். நல்ல பையன் நிறைய பேரு காணாமப் போனதுக்குக் காரணம் திறமைக் குறைவு இல்ல, இதுதான் காரணம்னு நான் உறுதியா நம்பறேன்.

அடுத்தது கேப்ஸ், அதாவது நாட்டுக்காக ஆடின மேட்ச் கணக்கு. திலீப் திர்கி 412 மேட்ச், தன்ராஜ் 339 மேட்ச். நம்பரைப் பாத்து மலைக்கலாம், ஆனா வேற வேற காலத்தை ஒண்ணா வச்சு ஒப்பிடும்போது கவனம் வேணும். தியான்சந்த் காலத்துல கப்பல்ல போய் ஆடிட்டு வரணும், நாலு வருஷத்துக்கு ஒரு ஒலிம்பிக், நடுவுல அங்கங்க ஒரு டூர். இப்ப வருஷா வருஷம் நாடுகளுக்கு இடையில ப்ரோ லீக், மேட்ச் நடுவுல எத்தனை தடவை வேணாலும் ஆளை மாத்தற ரோலிங் சப்ஸ்டிட்யூஷன் வேற, 60 நிமிஷ மேட்ச்ல ஒரு ஃபார்வர்டு பாதி நேரம் பெஞ்ச்ல உக்காந்திருந்தாலும் அது ஒரு கேப்தான். எத்தனை மேட்ச்ங்கிறதை விட எந்த மேட்ச்ங்கிறதைத்தான் நான் பாப்பேன். ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஏஷியன் கேம்ஸ், இந்த மூணுலயும் எத்தனை தடவை டீம்ல இருந்தாரு? இந்தக் கேள்விக்கு தன்ராஜோட பதிலை யாராலயும் தாண்ட முடியல. நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு ஏஷியன் கேம்ஸ், நாலு சாம்பியன்ஸ் ட்ராஃபி. ஒலிம்பிக் மெடல் ஒண்ணு கூட இல்ல. அந்தப் பதினஞ்சு வருஷமும் ஹாக்கி ஸ்டிக்கை கைல எடுத்த பசங்க எல்லாம் அவரு மாதிரி முடி பறக்க ஓடணும்னுதான் ஆசைப்பட்டாங்க, அதை மெடல் கணக்குல எங்க எழுதுவீங்க?

டீம்ல இல்லாத மாசங்களையும் பாருங்க, அது ரொம்ப முக்கியம். 1998 பாங்காக் ஏஷியன் கேம்ஸ்ல 32 வருஷத்துக்கு அப்புறம் இந்தியா தங்கம் ஜெயிச்சுது, கேப்டன் தன்ராஜ். ஊர் திரும்பினதும் அடுத்த தொடருக்கு அவரையும் இன்னும் ஆறு சீனியர்களையும் எடுக்கல, சொன்ன காரணம் ரெஸ்ட். ப்ளேயர்களுக்குச் சேர வேண்டிய காசைப் பத்தி வாயைத் திறந்ததுக்குக் கெடச்ச தண்டனைன்னுதான் அவரு எடுத்துக்கிட்டாரு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இந்த மாதிரி இடைவெளி ஒரு கேரியர்ல தெரிஞ்சா ஃபார்ம் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த வருஷத்துப் பேப்பரைத் தேடிப் படிங்க, காயமா, சண்டையா, கோச் மாறினாரான்னு பாதி விஷயம் அங்க கிடைச்சுடும்.

இப்ப பொசிஷன். இதுக்குத்தான் டிவி ரீப்ளே எல்லாம் வேணும். இந்திய டிஃபண்டர் அமித் ரோஹிதாஸை எடுத்துக்கோங்க, பெனால்ட்டி கார்னர் டிஃபன்ஸ்ல அவரு ஃபர்ஸ்ட் ரஷர். எதிரணி கார்னர் எடுக்கும்போது கோல் லைனுக்குப் பின்னாடி கீப்பரோட சேத்து அஞ்சே பேருதான் நிக்கலாம், மத்தவங்க எல்லாம் சென்டர் லைனுக்குப் போயிடணும். முகத்துல மாஸ்க், முட்டில பேடு மாட்டிக்கிட்டு, பந்து உள்ள வந்த அடுத்த நொடி இந்த மனுஷன் ஃப்ளிக்கரை நோக்கி நேரா ஓடணும், அந்தப் பக்கம் இருந்து பந்து தொடைக்கோ நெஞ்சுக்கோ பாஞ்சு வரும். ஓடற கோணம் ஒரு அடி தப்பினா கீப்பரோட பார்வையை மறைச்சுடுவாரு, சரியா ஓடினா ஃப்ளிக்கர் தனக்குப் பிடிச்ச மூலையை விட்டுட்டு வேற பக்கம் அடிக்க வேண்டி வரும், கீப்பர் அந்தப் பக்கம் தயாரா இருப்பாரு. ஸ்கோர் கார்டுல சேவ் கீப்பர் பேருல ஏறும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதில கிரேட் பிரிட்டனோட ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு விழுந்து, மிச்ச நேரம் பத்து பேரோட தாக்குப்பிடிச்சு ஷூட்அவுட்ல 4-2ன்னு ஜெயிச்சோம், ஆனா அரையிறுதில அவரு இல்லாம ஜெர்மனிகிட்ட 2-3. அவரு இருந்திருந்தா ஜெயிச்சிருப்போமான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அடுத்த மேட்ச்ல கார்னர் வரும்போது பந்தை விட்டுட்டு ரஷரை மட்டும் பாருங்க, நாலு கார்னர்ல உங்களுக்கே அவரோட மதிப்பு புரிஞ்சுடும்.

மிட்ஃபீல்டர்னா பந்து பறிபோன உடனே எத்தனை அடி பின்னாடி ஓடினாருன்னு பாருங்க. ஃபார்வர்டுன்னா கோலோட சேத்து, வாங்கிக் குடுத்த கார்னரையும் எண்ணுங்க, பல ட்ராக் ஃப்ளிக் கோலுக்கு முன்னாடி ஒரு ஃபார்வர்டு கோலுக்கு முன்னாடி இருக்கிற சர்க்கிள்ல, கார்னர் வாங்கறதுக்காகவே எதிராளி காலைக் குறி வச்சு பந்தைத் தட்டின வேலை இருக்கும்.

கடைசிலதான் விருது. நாட்டோட பெரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கு முந்தின நாலு வருஷ ஆட்டத்தைத்தான் பாக்கறாங்க, அதனால அது ஒரு நல்ல காலகட்டத்துக்கான விருது, மொத்த வாழ்க்கைக்கானது இல்ல. ஹாக்கில முதல்ல வாங்கினது தன்ராஜ், 1999-2000க்கு. அடுத்து சர்தார் சிங், 2017ல. நடுவுல ஆடினவங்க எல்லாம் மோசமான ப்ளேயர்களா? டீம் ஒலிம்பிக் மெடல் அடிக்கல, அதனால யாரும் கண்டுக்கல. டோக்கியோல வெண்கலம் வந்ததும் கேப்டனா இருந்த மன்ப்ரீத்துக்கும் ஸ்ரீஜேஷுக்கும் கேல் ரத்னா, அதுவரைக்கும் அர்ஜுனா வாங்காத மத்த எல்லாருக்கும் ஒரே மூச்சுல அர்ஜுனா. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், ஆனா தனி ஆளோட தரத்தை அளக்க அது உதவாது. அதுக்கு ஹாக்கி இந்தியாவோட வருஷாந்திர விருதுகளைப் பாருங்க, பர்கத் சிங் பேருல டிஃபண்டருக்கு, அஜித் பால் சிங் பேருல மிட்ஃபீல்டருக்கு, தன்ராஜ் பேருல ஃபார்வர்டுக்கு, பல்ஜித் சிங் பேருல கீப்பருக்குன்னு தனித்தனியா இருக்கு. சர்வதேச ஹாக்கி சம்மேளனம் எஃப்ஐஎச் குடுக்கற விருதுல ரசிகர் ஓட்டும் சேருது, அதனால ஜனத்தொகையோட பலமும் கொஞ்சம் அதுல கலந்திருக்கும்.

என் மனசுல எல்லாத்துக்கும் மேல நிக்கிறது ஜெர்சி நம்பரை ஓய்வு குடுக்கறதுதான், ஸ்ரீஜேஷோட 16, ராணியோட 28. காசு இல்ல, கமிட்டில மனு போட வேண்டியதில்ல, சீனியர் டீம்ல அந்த நம்பர் இனி யாருக்கும் இல்ல. தியான்சந்துக்கு பாரத ரத்னா குடுக்காததும், 1952 ஃபைனல்ல தனியா அஞ்சு கோல் அடிச்ச பல்பீர் சிங் சீனியருக்கும் குடுக்காததும் எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம். நம்ம வாசுதேவன் பாஸ்கரன் கேப்டனா இருந்து மாஸ்கோல வாங்கின 1980 தங்கத்தைப் பத்திப் பேசினா, பாகிஸ்தான், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா எல்லாம் வரலயேன்னு சில பேரு சொல்லுவாங்க. வராதது அவங்க முடிவு. ஃபைனல்ல எதிர்ல நின்ன ஸ்பெயினை 4-3ன்னு ஜெயிக்க வேண்டியிருந்துச்சு, ஜெயிச்சாங்க, அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் ஹாக்கில நமக்கு ஒலிம்பிக் தங்கம் வரல.

இந்த வரிசையை இப்ப ஆடற ஒருத்தர் மேல போட்டுப் பாருங்க. அரியலூர் கார்த்தி செல்வம், 2022 மே மாசம் ஜகார்த்தா ஆசியக் கோப்பைல பாகிஸ்தானுக்கு எதிரா அறிமுகமான மேட்ச்லயே கோல் அடிச்சாரு. 2023ல சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல நடந்த ஆசிய சாம்பியன்ஸ் ட்ராஃபி அரையிறுதில ஜப்பானுக்கு எதிரா ஒரு கோல், டீமுக்குத் தங்கம். பாரிஸ் டீம்ல இடம் கிடைக்கல. ஃபார்வர்டுங்கிறதால அடுத்த தடவை அவரு ஆடும்போது சர்க்கிளுக்குள்ள எத்தனை தடவை பந்தோட நுழைஞ்சாரு, அதுல எத்தனை கார்னர் ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க. பத்து மேட்ச் அப்படி எண்ணினதுக்கு அப்புறம் வாங்க, அவரு டீம்ல இருக்கணுமா வேணாமான்னு பேசலாம்.