"எல்லாம் வந்துவிட்டது" என்று சொல்வதற்கு முன்: புதிய கைபேசிக்கு மாறுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் என்னுடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர் புதிய கைபேசி வாங்கினார். நண்பகலில் பெட்டியைப் பிரித்தவர், அலுவலகம் முடிவதற்குள் பழைய கைபேசியை முழுவதுமாக அழித்து, தம்பிக்கு அனுப்புவதற்காக அதே பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். "எல்லாமே வந்துடுச்சு சார். படம், நம்பர், ஆப் எல்லாம் அப்படியே இருக்கு" என்று மகிழ்ச்சியோடு திரையைத் தள்ளிக் காட்டினார். அந்த ‘எல்லாமே’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2018-இல் இதே சொல்லை, இதே மகிழ்ச்சியோடு, நானும் சொல்லியிருக்கிறேன்.

யார் வீட்டில் புதிய கைபேசி வந்தாலும் அதை அமைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிடுவது எங்கள் சுற்றத்தில் வழக்கமாகிவிட்டது. அப்படி உட்கார்ந்து அமைத்துக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் காணும் தவறுகளையே இங்கு எழுதுகிறேன். திரைக்குக் கண்ணாடி ஒட்டுவது, நனையாமல் பார்த்துக்கொள்வது, 1234 என்று பூட்டு எண் வைக்காமலிருப்பது ஆகியவற்றை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

## முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றுவது

தேவையில்லை. அது நிக்கல் மின்கலங்கள் இருந்த காலத்துப் பழக்கம்.

## யாருடையது என்று தெரியாத கணக்கு

ஆண்ட்ராய்டு கைபேசியை முதன்முதலில் இயக்கும்போது அது கூகுள் கணக்கைக் கேட்கும். பழைய கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்காது. மீட்டெடுக்கப் பொறுமை இருக்காது. உடனே புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். அல்லது அருகில் இருக்கும் யாரோ உதவுவதாகச் சொல்லி, வாய்க்கு வந்த பெயரில் ஒரு கணக்கையும் கைக்கு வந்த கடவுச்சொல்லையும் உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கைபேசி இயங்குகிறது; அழைப்பு வருகிறது; ஆகவே எதுவும் தவறாகத் தோன்றுவதில்லை.

என் அத்தையின் கைபேசி அப்படி அமைக்கப்பட்டதுதான். ஓராண்டு கழித்துத் திரைப்பூட்டை மறந்துவிட்டார். வீட்டிலிருந்த பிள்ளைகள் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி, மீட்புத் திரைக்குப் போய், கைபேசியை அழித்தார்கள். மீண்டும் இயக்கியபோது, இதற்கு முன் இதில் இருந்த கணக்கைக் கொண்டு உறுதிசெய்யுமாறு அது கேட்டது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் இந்தக் காவல் உண்டு. திருடியவர் அழித்துவிட்டுப் பயன்படுத்த முடியாதபடி செய்வதே அதன் நோக்கம். ஆனால் தம் கணக்கின் பெயர் தெரியாத உரிமையாளரையும் அது திருடராகவே நடத்தும். "என் போனுக்கு என்னையே தெரியலையாப்பா?" என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய கணக்கை மீட்க அரை மணி நேரம் ஆனாலும் அதையே மீட்டுப் பயன்படுத்துங்கள். மீட்பதற்கான எண்ணும் மாற்று மின்னஞ்சலும் இப்போதும் உங்கள் கையில்தான் இருக்கின்றனவா என்பதை அன்றே சரிபாருங்கள்.

## பழைய கைபேசியை அன்றே அழிப்பது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நினைத்தால் எரிச்சல் மூட்டுவதும் இந்தத் தவறுதான்.

2018-இல் நான் வாங்கிய கைபேசியில் கணக்கின் கடவுச்சொல்லை உள்ளிட்டதும், பழையதில் இருந்த செயலிகள் ஒவ்வொன்றாகத் தாமே இறங்கத் தொடங்கின. ஒரு மணி நேரத்தில் முகப்புத் திரை பழையதைப் போலவே காட்சியளித்தது. அன்றிரவே பழைய கைபேசியை அழித்தேன். மூன்றாம் நாள், எனக்குச் சொந்தமான ஓர் இணையதளத்தின் முகவரியைப் புதுப்பிப்பதற்காக அதைப் பதிவுசெய்திருந்த நிறுவனத்தின் தளத்தில் நுழைந்தேன். கடவுச்சொல்லுக்குப் பிறகு, இரண்டாம் உறுதிப்பாட்டுக்கென நிறுவியிருந்த அங்கீகாரச் செயலி (ஆத்தென்டிகேட்டர்) காட்டும் ஆறு இலக்க எண்ணை அது கேட்டது. செயலியைத் திறந்தேன். சின்னம் இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் தவறின் முழு உருவமும் விளங்கும். அங்கீகாரச் செயலியில் ஒரு தளத்தைச் சேர்க்கும்போது நாம் ஒரு கியூஆர் குறியை வருடுகிறோம் அல்லவா, அதற்குள் ஓர் இரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியின் ஒரு படி தளத்திடமும் மற்றொரு படி நம் கைபேசியிலும் தங்கிவிடும். இரு தரப்பும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை புதிய எண்ணை உருவாக்குகின்றன. கைபேசிக்கு இணைய இணைப்புகூட வேண்டியதில்லை. ஆனால் சாவி கைபேசியோடு அழிந்துவிட்டால், அதே செயலியை ஆயிரம் முறை நிறுவினாலும் அந்த எண் வராது. கூகுளின் அங்கீகாரச் செயலியில் சாவிகளைக் கணக்கோடு ஒத்திசைக்கும் (கைபேசியிலும் கணக்கிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும்) வசதி 2023-இல்தான் வந்தது. அதற்கு முன் சாவிகள் அந்த ஒரு கைபேசியில் மட்டுமே இருந்தன.

இத்தகைய நேரத்திற்கென்றே தளங்கள் மாற்றுக் குறியீடுகளைக் கொடுத்துவைக்கின்றன. எனக்கும் கொடுத்திருந்தார்கள். அவற்றைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துப் பழைய கைபேசியிலேயே வைத்திருந்தேன். படங்கள் எல்லாம் இணையத்தில் ஏறிவிட்டன என்ற நம்பிக்கையில் தேடினால், கேமராவில் எடுத்த படங்கள் மட்டுமே அங்கிருந்தன. திரைப்பிடிப்புகள் இருக்கும் கோப்புறையைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் அதுவும் ஏறும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டிய கதை. கணக்கை மீட்கும் மின்னஞ்சலோ, நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் முகவரிக்குப் போனது. அடையாளச் சான்றுகளை அனுப்பி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதி, உள்ளே நுழைய ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஐந்து வாரமும், முகவரியின் காலக்கெடு முடிந்து வேறு யாராவது அதைப் பதிந்துகொள்வார்களோ என்ற அச்சத்திலேயே கழிந்தது.

செயலியின் சின்னம் வந்துவிட்டது என்பதற்கும் செயலியின் உள்ளடக்கம் வந்துவிட்டது என்பதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு. வங்கிச் செயலிகள் பெரும்பாலும் கைபேசியைப் புதிதாகப் பதிவுசெய்யச் சொல்லும். இணைய இணைப்பின்றி இயங்கும் குறிப்பேடுகள், குரல் பதிவுகள், பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும் ஆவணங்கள் ஆகியவை கணக்கின் வழியாக மட்டும் மாறுகிறவர்களுக்கு வராமல் போகலாம். இதனால்தான் பழையதையும் புதியதையும் கம்பியால் இணைத்து நகலெடுக்கும் வழியை நான் விரும்புகிறேன். கம்பியும்கூட அங்கீகாரச் சாவிகளைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். அவற்றைச் செயலிக்குள் இருக்கும் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தி, பழையதன் திரையில் தோன்றும் குறியைப் புதியதால் வருடியே மாற்ற வேண்டும்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு வழுக்கல் உண்டு. ஆண்ட்ராய்டில், பழைய கைபேசியில் எடுத்த காப்புநகலை (பேக்கப்) அதே எண், அதே கூகுள் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு, புதியதில் பதிவுசெய்யும் வேளையில்தான் மீட்டெடுக்க முடியும். அவசரத்தில் ‘தவிர்’ என்பதை அழுத்திவிட்டால், செயலியை நீக்கி மீண்டும் நிறுவ வேண்டும். அதற்குள் ஓர் இரவு கடந்தால், புதிய கைபேசியின் வெறுமையான உரையாடல் பட்டியலே காப்புநகலாகிப் பழையதன் இடத்தைப் பிடித்துவிடவும் கூடும். 2021-இல் அறிமுகமான மறையாக்கக் காப்புநகலைக் கடவுச்சொல்லோடோ 64 இலக்கச் சாவியோடோ வைத்திருப்பவர்கள், அதை மறந்துவிட்டால் அந்த நிறுவனத்தாலும் திறந்துகொடுக்க இயலாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்குக் கூகுள் கணக்கில் இருக்கும் காப்புநகல் பயன்படாது. அதற்கான மாற்றும் வழி வேறு.

ஆகவே நான் இப்போது பின்பற்றும் முறை இது. பழைய கைபேசியிலிருந்து சிம்மை மட்டும் எடுத்துவிட்டு, வைஃபையில் இணைத்து, சார்ஜ் ஏற்றி, குறைந்தது ஒரு மாதம் அலமாரியில் வைத்திருப்பேன். அந்த மாதத்தில், செயலிப் பட்டியலின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒவ்வொரு செயலியையும் புதியதில் திறந்து, உள்ளே நுழைந்து பார்ப்பேன். அன்றாடம் பயன்படுத்துபவை தாமாகவே குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். காப்பீடு, வரி என ஆண்டுக்கு ஒருமுறை திறப்பவையே காலைவாரும். மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வீட்டு ஆவணங்களோடு வைக்கிறேன். கூகுள் ஒரு தொகுப்பில் பத்துக் குறியீடுகள் தரும், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும் என்பதால், பயன்படுத்தியதை அடித்துவிட மறப்பதில்லை. இதைப் பார்த்து என் மனைவி சிரிப்பதுண்டு, சிரிக்கட்டும்.

## ஒத்திசைவைக் காப்புநகல் என்று நினைப்பது

"போனில் இடம் இல்லை, படம்தான் கூகுளில் இருக்கிறதே, இங்கே அழித்துவிடலாம்" என்று கூகுள் ஃபோட்டோஸ் செயலிக்குள்ளேயே நுழைந்து படங்களை அழிப்பவர்கள் பலர். அங்கே அழித்தால் கணக்கில் இருப்பதும் சேர்ந்தே அழியும். ஆப்பிளின் ஐகிளவுட் ஃபோட்டோஸும் அப்படித்தான். ஒரு கருவியில் அழித்தது அந்தக் கணக்கில் இணைந்த எல்லாக் கருவிகளிலும் மறையும். கணக்கில் ஏறிய படங்கள் கூகுளின் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரையிலும், ஆப்பிளில் 30 நாள் வரையிலும் இருக்கும் என்பதால், தவறு செய்தவர்கள் உடனே தேடினால் மீட்டுவிடலாம். கைபேசியில் மட்டும் இடத்தைக் காலிசெய்வதற்கு, கூகுள் ஃபோட்டோஸ் செயலியிலேயே தனித் தேர்வு இருக்கிறது.

இதனோடு சேர்ந்த மற்றொன்று: கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம், மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் ஆகிய மூன்றுக்கும் பொதுவானது. படங்களை அளவின்றி ஏற்றிக்கொள்ளும் சலுகை 2021 ஜூன் 1-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இடம் நிறைந்தால் படங்கள் ஏறுவது நிற்கும்; மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகலாம். அறிவிப்பு வரத்தான் செய்யும். ஆனால் புதிய கைபேசியின் அறிவிப்புக் கூட்டத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

## தொடர்பு எண்களைச் சிம்மில் சேமிப்பது

சிம் தொலைந்தால் உறவும் தொலையும். கணக்கில் சேமியுங்கள்.

## விரலை மட்டுமே நம்புவது

விரல்ரேகையை வைத்துவிட்டால் பூட்டு எண்ணை நாள்தோறும் தட்டும் தேவை இருக்காது. இரண்டு மாதத்தில் அது மறந்தே போகும். பிறகு ஒருநாள் மென்பொருள் புதுப்பிப்புக்காகக் கைபேசி அணைந்து எழும்போது, விரலை ஏற்காமல் அந்த எண்ணைத்தான் கேட்கும். திரைக்கு அடியில் விரல்ரேகை உணரி உள்ள கைபேசியில், பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டிய பிறகு விரலை மீண்டும் பதிவுசெய்வதும் நல்லது.

## சிம் பூட்டை ஊகித்துத் திறப்பது

மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறப்பதற்கான பியூகே எண் கேட்கும். அதைப் பத்து முறை தவறாக இட்டால் அந்த சிம் அதோடு சரி.

## அணுகல்தன்மை அனுமதியைக் கொடுத்துவிடுவது

தொடர்புகள், கேமரா, இருப்பிடம் ஆகிய அனுமதிகளைப் பற்றி இப்போது எல்லோரும் ஓரளவு எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள். ஆனால் பார்வைக் குறைபாடு முதலானவை உள்ளோருக்காக ஏற்பட்ட அணுகல்தன்மை அனுமதி, பெயரில் சாதுவாக இருப்பதால், கேட்டவுடன் கிடைத்துவிடுகிறது. அதைப் பெற்ற செயலியால் திரையில் தெரிவதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் முடியும். கைபேசியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் செயலி எதற்கும் இது வேண்டியதில்லை.

## கையளிக்கும் முன் கணக்கை நீக்காதிருப்பது

ஒரு மாதம் கழித்துப் பழையதை மற்றவருக்குக் கொடுக்கும் நாள் வரும்போது, முதலில் கணக்கை நீக்கிவிட்டு, பிறகு அமைப்புகளின் வழியாகவே அழிக்க வேண்டும். பொத்தான்களை அழுத்திக் குறுக்குவழியில் அழிக்கக் கூடாது. ஐபோனாக இருந்தால், தொலைந்த கருவியைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’ வசதியை நிறுத்த வேண்டும். இல்லையென்றால், 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்த செயலாக்கப் பூட்டு புதியவரைத் தடுத்துவிடும். இ-சிம் (தனி அட்டையின்றிக் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்) வைத்திருப்பவர்கள், அது புதிய கைபேசியில் இயங்குவதைப் பார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும்; அதை நிறுவ முன்பு வருடிய கியூஆர் குறி இன்னொரு முறை செல்லுபடியாகாமல் போகலாம்.

தொடக்கத்தில் சொன்ன இளைஞர் பொத்தான் வழியில்தான் அழித்திருந்தார். நான்காம் நாள் அவருடைய தம்பி கூப்பிட்டு, கைபேசி பழைய கணக்கைக் கேட்டு நிற்பதாகச் சொன்னார். பழைய திரைப்பூட்டு எண் அண்ணனுக்கு நினைவிருந்ததால் அது திறந்துகொண்டது. அங்கீகாரச் செயலியில் ஒத்திசைவை அவர் இயக்கியிருக்கவில்லை. பணிக்காகப் பயன்படுத்தும் மூன்று தளங்களில் இரண்டுக்குள் மாற்றுக் குறியீடுகளைக் கொண்டு நுழைந்துவிட்டார்; மூன்றாவது தளத்திற்கு அடையாளச் சான்றை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்.