கச்சேரி நடத்தும் சபாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் டிசம்பர் சங்கீத சீசன் வந்துவிட்டால் பாடகர்களுக்கும் பஞ்சமில்லை, கர்நாடக சங்கீதக் கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்களின் மேடைகளுக்கும் பஞ்சமில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-லேயே ஆரம்பித்தது. 1927-ல் மதராஸில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்து, அதிலிருந்து மறு வருஷமே மியூசிக் அகாடமி வந்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம். நூறு வருஷத்துக்கு மேல் சபா நடத்திப் பழகிய ஊர் இது. ஆனாலும் டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற ஆள், வெளியே போகும் வரை என்னென்ன பாடுபடுகிறார் என்று கமிட்டியில் யாரும் உட்கார்ந்து யோசித்த மாதிரி தெரிவதில்லை. வித்வானை புக் பண்ணியாச்சு, ஸ்பான்சர் பிடிச்சாச்சு, பேனர் கட்டியாச்சு, அதோடு நம் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் முதல் தவறு. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்புவதுதான்.

எந்த ஒரு சபாவையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. பெரிய ஏசி அரங்கிலும் இதெல்லாம் நடக்கிறது, கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிற சின்ன சபாவிலும் நடக்கிறது.

சத்தத்தை மைக்செட்காரர் தலையில் கட்டிவிடுவது

இதற்குத்தான் நிறைய இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்து இது ஒன்று கெட்டால் வந்ததே வீண். வழக்கமாக நடப்பது இதுதான். பாடகர் முதல் உருப்படியான வர்ணத்துக்கு நடுவிலேயே விரலை மேலே காட்டி மானிட்டரை, அதாவது மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்கென்று வைத்த ஸ்பீக்கரை, ஏற்றச் சொல்கிறார். ஏற்றியதும் மிருதங்கக்காரருக்குத் தன் வாத்தியம் கேட்பதில்லை, அவரும் கை காட்டுகிறார், அப்புறம் வயலின், அப்புறம் கடம். இப்படி ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போனால் மேடை மானிட்டரின் சத்தமே முன்வரிசைக்காரர் காதில் வந்து அறைகிறது, அதை மீறிக் கேட்க வேண்டும் என்று அரங்கத்து ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள், கடைசியில் மைக் கூவ ஆரம்பிக்கிறது. மூன்றாவது பாட்டு வரைக்கும் இதே கதைதான். கச்சேரியின் முதல் அரை மணி நேரம் சவுண்ட் டெஸ்டிங்கிலேயே போய்விடுகிறது, அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட் விற்றிருக்கிறார்கள்.

மைக்செட்காரரைத் திட்டிப் பயனில்லை. பல இடங்களில் அவரை மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அரங்கத்தில் என்ன கேட்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்? மிக்ஸரை அரங்கத்தின் நடுவில், ரசிகர்களோடு ரசிகராகப் போடுங்கள். நாலு சீட் போகும், போகட்டும். கச்சேரிக்கு முன்னால் திரையை மூடிக்கொண்டு இருபது நிமிஷம் சரிபார்க்க விடுங்கள். இந்த இருபது நிமிஷம் ஏன் கிடைப்பதில்லை என்றால், ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் இடைவெளியை அந்த அளவுக்கு இறுக்கி வைத்திருக்கிறோம். காலியான அரங்கில் சரியாக இருந்த அளவு, ஆட்கள் உட்கார்ந்ததும் மாறிவிடும், ஏனென்றால் உடம்பும் துணிமணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முதல் பாட்டின்போது கமிட்டியில் காது உள்ள ஒருவர் கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்து மைக்செட்காரரிடம் சொல்ல வேண்டும். யாராவது ஏற்றச் சொன்னால், மற்றவர்களுடையதைக் குறைத்துப் பார்ப்பதுதான் முதல் வழி. ஆனால் வித்வான் கேட்டதை மறுக்கும் அதிகாரம் மைக்செட்காரருக்குக் கிடையாது, அவருக்குப் பின்னால் சபா நின்றால்தான் உண்டு.

மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பிக்குத் தனி மைக் வைத்து அந்தக் கனத்த ஒலியை (bass) ஏற்றிவிட்டால் தும் தும் என்று நெஞ்சில் இடிக்குமே தவிர கும்கி என்கிற அந்த இழைந்து வரும் நாதம் கேட்காது. குரலுக்குக் கொஞ்சம் எக்கோ போட்டால் இனிமையாக இருக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், துரிதகால ஸ்வரங்கள் அதில் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடுகின்றன. நூறு பேர் உட்காரும் ஹாலாக இருந்தால் மைக்கே இல்லாமல் ஒரு முறை நடத்திப் பாருங்கள். சென்னையில் அப்படி மைக் இல்லாத கச்சேரிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. முதல் பத்து நிமிஷம் காது பழகவேண்டியிருக்கும், அப்புறம் தம்புராவே தனியாகக் கேட்கும். இதற்கு நேர்மாறான கூத்து, நாகஸ்வரக் கச்சேரியை மூடிய ஹாலில் வைத்து அதற்கும் மைக் கொடுப்பது. கோயில் வீதியில், திறந்த வெளியில் ஒலிப்பதற்கென்றே வளர்ந்த வாத்தியம் அது, தவிலும் அப்படித்தான். காதைப் பொத்திக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்து ‘நாகஸ்வரத்துக்கு இப்போ ஆள் வர்றதில்லை’ என்று சபாவே சொல்வது கொஞ்சம்கூட நியாயமில்லை.

தனிக்கு எழுந்து போகிறவர்களைத் திட்டிக்கொண்டே இருப்பது

தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, ஆரம்பித்ததும் பாதி அரங்கம் எழுந்துவிடுகிறது, இது பக்கவாத்தியக்காரருக்கு அவமானம், சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் எழுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரி, இடைவேளை கிடையாது, வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டியவர்கள், பலருக்குச் சர்க்கரை. ராகம், நிரவல், ஸ்வரம் என்று விரிவாகப் பாடும் மெயின் பாட்டு முடிந்து தனி வரும்போது உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பாட்டு நடக்கும்போது எழக் கூச்சப்பட்டவர்களுக்கு அதுதான் வழி. கழிப்பறை இடைவேளையைத் தனிக்கு வைத்தது போல் ஆகிவிட்டது.

மெயினுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிறுத்தலாம். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரைச் சொல்லித்தான் இன்றைய கச்சேரி பத்ததியை, அதாவது பாடும் வரிசைமுறையை, பேசுகிறோம், வர்ணத்தில் ஆரம்பித்து மங்களத்தில் முடிகிற அந்த ஓட்டத்தை வெட்டலாமா என்று கேட்பார்கள். ஐந்து நிமிஷத்தில் பத்ததிக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதைச் செய்த பிறகு, தனி முடிகிற வரை கதவைத் திறக்க மாட்டோம் என்று தைரியமாகச் சொல்லலாம். அவசரம் என்றால் விடத்தான் வேண்டும், அதில் வீம்பு வேண்டாம். மற்ற நேரத்திலும் பாட்டு முடிந்தால்தான் கதவு திறக்கும் என்ற ஒழுங்கு வேண்டும். ராகத்தை வார்த்தையில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது வாசல் வெளிச்சம் பளீரென்று அடித்து, ஒரு குடும்பமே செல்போன் டார்ச்சோடு சீட் நம்பர் தேடுவதைச் சகிக்கவே முடியாது. வாசலில் நிற்கும் இரண்டு தன்னார்வலர்களுக்குச் சொல்லிவைத்தால் தீர்கிற விஷயம்.

நடுவில் பொன்னாடை

‘இவருக்கு அறிமுகமே தேவையில்லை’ என்று ஆரம்பித்து ஆறு நிமிஷம் அறிமுகம் செய்வது ஒரு வகை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டு முடிந்து, அடுத்த ராகத்தைத் தொடப் பாடகர் வாயெடுக்கும் நேரம் பார்த்து, பிரமுகருக்கு வேறு வேலை இருக்கிறது என்று செயலாளர் மேடையேறி மைக்கைப் பிடிப்பதுதான் கொடுமை. பிரமுகர் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார், கலைந்த கச்சேரியோடு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். மரியாதையெல்லாம் திரை விலகும் முன் ஐந்து நிமிஷம், அதோடு சரி. ஸ்பான்சர் பெயரை ரசிகர்கள் வந்து உட்காரும் நேரத்தில் திரையில் ஓட விடுங்கள். இதை ஸ்பான்சரிடம் முதலிலேயே பேசிக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், யாரும் பேசிப் பார்ப்பதில்லை.

முன்வரிசை காலி, வெளியே வரிசை

நன்கொடையாளர்களுக்கு முன்வரிசை ஒதுக்குவதில் தப்பில்லை, அவர்கள் பணத்தில்தான் சீசன் நடக்கிறது. அவர்கள் வராத நாளிலும் அந்த நாற்காலிகளைப் பூட்டி வைப்பதுதான் தப்பு. அரங்கம் நிறைந்துவிட்டது என்று போர்டு மாட்டிவிட்டு உள்ளே முன்னால் நாற்பது நாற்காலி சும்மா கிடந்தால், திரும்பிப் போகிற இருபது வயசுப் பையன் அடுத்த வருஷம் வரமாட்டான். இரண்டாவது பாட்டு முடியும்வரை ஆள் வராத இடங்களைப் பின்னால் இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் விட்டுவிடுவோம் என்று நன்கொடையாளர் பாஸிலேயே அச்சடித்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. மிருதங்கமோ வயலினோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தால் வித்வானுக்கும் உற்சாகம், கைவிரலைக் கவனிக்கிற ரசிகனை யாருக்குத்தான் பிடிக்காது.

என்ன பாட்டு என்று சொல்லாமலே இருப்பது

பழைய ரசிகருக்குத் தியாகராஜர் தெலுங்கு, தீட்சிதர் சம்ஸ்கிருதம், புரந்தரதாசர் கன்னடம் எல்லாம் பழகிப்போயிருக்கும். புதிதாக வருகிறவருக்கு எதுவும் தெரியாது, பக்கத்து சீட் மாமாவிடம் ‘இது என்ன ராகம்?’ என்று கேட்கக் கூச்சம். கேட்கிறவனுக்குப் புரிகிற மொழியில் பாட வேண்டாமா என்று தமிழ் இசை இயக்கம் கேட்டு எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எதைப் பாடுவது என்பது பாடகர் விருப்பம், ஆனால் மேடைக்குப் பக்கத்தில் ஒரு திரை வைத்து பாட்டின் முதல் வரி, ராகம், தாளம், இயற்றியவர், தமிழில் இரண்டு வரி பொருள் போட்டால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

மேடையில் உட்கார்ந்த பிறகுதான் பாட்டைத் தீர்மானிப்பார்கள், முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பார்கள். பாடக்கூடியவை என்று இருபது பாட்டின் பட்டியலை முதல் நாள் வாங்கி வைத்துக்கொண்டு, எது வருகிறதோ அதைப் போட ஒரு ஆள் போதும், ராகம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வேண்டுகோள்: ஆலாபனை ஆரம்பித்ததுமே ராகப் பெயரைப் போட்டுவிடாதீர்கள். பாட்டு எடுக்கிற வரைக்கும் இது பைரவியா மாஞ்சியா என்று தனக்குள் கட்சி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்தான் நிறையப் பேருக்கு ருசி.

முழங்கால், குளிர், கடைசி பஸ்

இதெல்லாம் சங்கீதத்தில் சேராது என்று நினைக்கிறார்கள். கழிப்பறைக்குப் படி இறங்கிப் போகவேண்டும், கைப்பிடி கிடையாது, பெண்கள் பக்கம் எப்போதும் வரிசை. உள்ளே படிகளில் வெளிச்சமே இல்லை. ஏசியை இருபதுக்குக் கீழே வைத்து மாமிகளையெல்லாம் சால்வையோடு உட்கார வைக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாச்சு, சாய்தளம் கட்டுவது தயவு செய்கிற காரியம் இல்லை. அந்தச் சாய்தளமும் வாசலோடு நின்றுவிடாமல் அரங்கத்துக்குள் சக்கர நாற்காலி நிற்கும் இடம் வரை போக வேண்டும், கூட வந்தவருக்குப் பக்கத்திலேயே ஒரு சீட் வேண்டும். காதில் கருவி வைத்திருப்பவர்களுக்கு மைக் ஒலியை நேராகக் கருவிக்கே அனுப்புகிற கம்பிவளைய ஏற்பாடு இருக்கிறது. வயசானவர்களை நம்பி நடக்கிற சபாக்கள் புது சோபாவுக்கு முன்னால் வாங்க வேண்டியது அதைத்தான்.

நேரமும் அப்படித்தான். அழைப்பிதழில் ஆரம்பிக்கும் நேரம் இருக்கும், முடியும் நேரம் இருக்காது. எட்டே முக்காலா ஒன்பதே காலா என்று தெரியாமல் ஒரு அம்மா எப்படி ஆட்டோ சொல்லி வைப்பார், மகன் எத்தனை மணிக்கு வந்து நிற்பான்? அதனால்தான் கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடா ஆரம்பித்ததும் பைகள் திறக்கிற சத்தம் கேட்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்) வேலை செய்கிறவர் ஆறரை மணிக் கச்சேரிக்கு மயிலாப்பூர் வந்து சேர முடியாது, மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கும் சாலைகளில் சுத்தமாக முடியாது. அவரைப் போன்றவர்களுக்கு ஞாயிறு காலை பத்து மணி ஒத்துவரும். அதையும் வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் வைத்துவிட்டு மீதி பதினோரு மாதம் அரங்கத்தை நிச்சயதார்த்தங்களுக்கு விட்டால் இளைஞர்கள் எங்கே என்று கேட்க உரிமை இல்லை.

கேன்டீனைக் குறை சொன்னால் ஊரே அடிக்க வரும், அதனால் ஒன்றே ஒன்று: தட்டு கழுவுகிற இடத்தை அரங்கக் கதவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்பது

கேட்பதே அபூர்வம், கேட்டாலும் கடைசி நாள் முன்வரிசையில் இருப்பவரிடம் நோட்டை நீட்டி ‘பிரமாதம்’ என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். 2020 டிசம்பரில் கொரோனாவால் சீசன் ஆன்லைனுக்குப் போனபோது, யார் எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள், எந்தப் பாட்டில் எழுந்து போகிறார்கள் என்றெல்லாம் நடத்துகிறவர்களால் பார்க்க முடிந்தது, அரங்கம் திறந்ததும் அந்த அக்கறை போய்விட்டது. போன வருஷம் சீசன் டிக்கெட் வாங்கி இந்த வருஷம் வாங்காதவர்கள் பட்டியல் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. ஜனவரி கடைசியில், கணக்கு முடித்த கையோடு, ஒரு வாரம் அவர்களுக்கு போன் பண்ணி ஏன் வரவில்லை என்று கேளுங்கள். செயலாளரே பண்ணினால் நல்லது, உதவியாளரிடம் சொன்னால் ‘உடம்பு சரியில்லை’ என்று முடித்துவிடுவார்கள்.