ஊக இயக்கக் குறைபாடுகள்: லினக்ஸ் கணினியின் செயலி பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

செயலிகளில் உள்ள மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் இரு குறைபாடுகள் 2018 ஜனவரி 3 அன்று வெளியுலகுக்குத் தெரியவந்தன. அவற்றைத் தொடர்ந்து 2018 ஆகஸ்டில் எல்1டிஎஃப், 2019 மே மாதத்தில் எம்டிஎஸ், 2022 ஜூலையில் ரெட்பிளீட், 2023 ஆகஸ்டில் டவுன்ஃபால் எனப் பட்டியல் நீண்டது. "அப்டேட் போட்டாயிற்று" என்று நிம்மதியடையும் பலரின் கணினிகளில் திருத்தம் பாதியளவே செயல்படுகிறது என்பதால், அதை நேரில் சரிபார்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பு வந்துசேரச் செயலிக்கு நூற்றுக்கணக்கான சுழற்சிகள் ஆகலாம். அதுவரை சும்மா இராமல், விடை இன்னதாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, அடுத்த கட்டளைகளை அது முன்கூட்டியே இயக்கிவிடுகிறது. ஊகம் தவறிவிட்டால் கணக்கிட்ட விளைவுகள் கைவிடப்படும். ஆனால் அந்தச் சிறு இடைவெளியில், செயலிக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகமான கேச்சுக்குள் வந்த தரவு அங்கேயே தங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, 100 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையைப் படிக்கும் நிரல், கேட்கப்பட்ட எண் 100-க்குக் குறைவானதா என்று முதலில் பார்க்கிறது. தாக்குபவர் சரியான எண்களையே பலமுறை கொடுத்து, "ஆம்" என்று ஊகிக்கச் செயலியைப் பழக்குகிறார். பிறகு மிகப் பெரிய எண் ஒன்றைக் கொடுக்கிறார். நிபந்தனையின் விடை தெரியும் முன்பே, அட்டவணைக்கு வெளியே உள்ள ஒரு ரகசிய பைட்டைச் செயலி படித்து, அதன் மதிப்புக்கேற்ப 256 நினைவகப் பக்கங்களில் ஒன்றைத் தொட்டுவிடுகிறது. அந்த பைட்டின் மதிப்பு 75 என்றால், 75-ஆம் எண்ணுள்ள பக்கம் மட்டும் கேச்சில் இருக்கும். தாக்குபவர் 256 பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து நேரத்தை அளக்கும்போது அது மட்டும் சட்டென்று வந்துவிடும், ரகசியம் அம்பலமாகிவிடும். இது ஸ்பெக்டரின் முதல் வகை. மெல்ட்டவுனோ, பயனர் நிரல் ஒன்று, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நினைவகத்தையே படிக்க வழிவிட்டது. பயனர் நிரல் ஓடும்போது கெர்னலின் பெரும்பகுதியை நினைவக முகவரிகளைக் காட்டும் அதன் பக்க அட்டவணையிலிருந்து விலக்கிவைத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஸ்பெக்டருக்கு அப்படி ஒரே அடியில் தீர்க்கும் திருத்தம் கிடையாது.

இனி சோதனைக்கு வருவோம். டெர்மினலைத் திறந்து எல்எஸ்சிபியு என்னும் கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். வெளியீட்டின் இறுதிப் பகுதியில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு வரி இருக்கும். "நாட் அஃபெக்டட்" என்றிருந்தால் உங்கள் செயலிக்கு அந்தப் பாதிப்பு இல்லை. "மிட்டிகேஷன்" என்றிருந்தால் தடுப்பு செயல்படுகிறது. "வல்னரபிள்" என்றிருந்தால் ஓட்டை திறந்தே கிடக்கிறது. முதல் சொல்லோடு நிறுத்தாமல் வரியை முழுவதும் படியுங்கள்.

நான் பராமரிக்கும் பழைய மடிக்கணினி ஒன்றில் கெர்னல் புதியதாகவே இருந்தது. ஆனாலும் எம்டிஎஸ் வரியில், செயலியின் தற்காலிகத் தேக்கங்களைத் துடைக்க முயன்றதாகவும் அதற்குரிய மைக்ரோகோடு (செயலிக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) இல்லை என்றும் எழுதியிருந்தது. அந்தத் துடைப்பு வேலையைச் செய்யும் திறன் புதிய மைக்ரோகோடு வழியாகவே செயலிக்குக் கிடைக்கிறது. கெர்னல் மட்டும் புதியதாக இருந்து பயனில்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் இதற்கான தொகுப்புகள் இன்டெல்-மைக்ரோகோடு, ஏஎம்டி64-மைக்ரோகோடு என்ற பெயர்களில் உள்ளன. டெபியன் 12 முதல் அவை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் இருப்பதால், அப்பிரிவை முதலில் இயக்க வேண்டும். நிறுவியபின் கணினியை மறுதொடக்கம் செய்து, அதே வரியை மீண்டும் பாருங்கள்.

சில செயலிகளில் அதன்பிறகும் "எஸ்எம்டி வல்னரபிள்" என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்எம்டி என்பது செயலியின் ஒரே கருவில் இரண்டு இழைகளை ஓட்டும் முறை; அப்படி ஓடும்போது ஒன்றின் தரவு மற்றொன்றுக்குக் கசியலாம் என்பது அதன் பொருள். நீங்கள் ஒருவரே பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் இதை விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து. நம்பகமற்றவர்களின் நிரல்களும் ஓடும் சர்வர் என்றால், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பயாஸிலோ, நோஎஸ்எம்டி என்ற தொடக்க அளபுருவாலோ எஸ்எம்டியை நிறுத்திவிடுங்கள்.

வேகத்துக்காக, தடுப்புகளை அணைக்கும் "மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்" என்பதை, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் க்ரப் நிரலின் அமைப்பில் சேர்க்கச் சொல்லும் அறிவுரைகள் பரவலாகக் காணப்படுகின்றன. இணைய உலாவி திறக்கும் எந்தக் கணினியிலும் இதைச் செய்யாதீர்கள். முன்னர் யாரேனும் சேர்த்துவைத்திருக்கிறார்களா என்பதை, ப்ராக் அடைவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பைப் படித்தால் அறியலாம்.

உலாவியும் இந்தப் பாதுகாப்பில் ஓர் அடுக்குதான். ஜாவாஸ்கிரிப்ட் வழியாகவே ஸ்பெக்டர் தாக்குதல் இயலும் என்பதால், 2018-இல் வந்த குரோம் 67 முதல் மேசைக் கணினிகளில் ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறையில் பிரித்துவைக்கும் முறை இயல்பாகவே இயக்கப்பட்டது. பழைய உலாவியை வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிப்பு கிடைக்காது.

வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி என்றால், உள்ளிருந்து மைக்ரோகோட்டை மாற்ற இயலாது. எஸ்எம்டி பற்றிய இடத்தில் "ஹோஸ்ட் ஸ்டேட் அன்நோன்" என்று காட்டினால், அடியிலுள்ள கணினியின் நிலையைச் சேவை வழங்குபவரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.