பழைய காரின் ஹாரன் ஊமையாகிவிட்டதா? புதிது வாங்கும் முன் செய்ய வேண்டியவை

என் பழைய கார் ஒரு நாள் காலையில் வாயடைத்துப் போனது. ஹாரன் செத்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டினேன். அதுவும் வாய் திறக்கவில்லை. பிராக்கெட்டைத் தாங்கும் போல்ட்டின் அடியில் படிந்திருந்த துருதான் குற்றவாளி. அன்றிலிருந்து ஹாரனைக் கடைசியாகத்தான் சந்தேகிக்கிறேன்.

ஹாரனுக்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றும், அதன் பின்னால் மின்காந்தமும், ஒரு ஜோடி காண்டாக்ட்டும் இருக்கின்றன. காந்தம் தகட்டை இழுத்ததும் காண்டாக்ட் பிரிந்து மின்சாரம் அறுபடுகிறது. தகடு துள்ளித் திரும்புகிறது, காண்டாக்ட் மறுபடி சேர்கிறது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்த அதிர்வுதான் நம் காதில் விழும் ஒலி.

பல பழைய கார்களில் ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் வந்து நிற்கும்; பட்டன் எர்த் (காரின் பாடி வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) மட்டுமே கொடுக்கிறது. சிலவற்றில் நடுவே ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) உண்டு. வேறு சிலவற்றில் பட்டன் வழியாகத்தான் மின்சாரமே வரும். உங்கள் கார் எந்த வகை என்பதை ஒயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் படி: காது கொடுங்கள்

ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லி, நீங்கள் ஹாரனருகே நில்லுங்கள். ‘டக்’ என்று மட்டும் கேட்டால் மின்சாரம் வருகிறது. அது போதவில்லை, அல்லது தகடு இறுகியிருக்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: ஃபியூஸ்

கண்ணாடி ஃபியூஸின் கம்பி முழுசாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் பச்சைத் துரு படிந்திருந்தாலும் ஹாரன் ஒலிக்காது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஹாரனை நேரடியாகச் சோதியுங்கள்

ஹாரனின் ஒயர்களைக் கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து இரண்டு தனி ஒயர்களை இழுத்து, ஒன்றில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். இரண்டு டெர்மினல் இருந்தால் இரண்டிலும் தொடுங்கள்; ஒன்றுதான் என்றால் மற்ற ஒயரை ஹாரனின் உலோக உடலில் தொடுங்கள். ஒரு விநாடி போதும், காது பத்திரம். அலறினால் ஹாரன் நிரபராதி.

நான்காம் படி: வழியில் எங்கே அறுபடுகிறது?

டெஸ்ட் லைட் எரிந்தால் எல்லாம் சரி என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தச் சின்ன பல்புக்குத் துருப்பிடித்த இணைப்பே போதும். ஹாரனுக்கோ சில ஆம்பியர்கள் தேவை. ஆகவே ஒயர்களை மாட்டியபடியே பட்டனை அழுத்தி, மல்டிமீட்டரை ஹாரனின் இரு முனைகளிலும் வையுங்கள். 12 வோல்ட் காரில் 10-க்கும் கீழே இறங்கினால் ஏதோ ஓர் இணைப்பு நடுவில் தின்கிறது. பிராக்கெட் போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள பெயிண்டும் துருவும் போய் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள்.

அங்கே சரியாக இருந்தால் ஸ்டீயரிங் பக்கம் போங்கள். பட்டன் எர்த் கொடுக்கும் வகைக் காரில் மட்டும், ஸ்டீயரிங் தண்டின் அடியில் வரும் பட்டன் ஒயரைப் பாடியில் தொட்டுப் பாருங்கள். ஒலித்தால் கோளாறு மேலே: சுழலும் ஸ்டீயரிங்கோடு மின்தொடர்பைக் காக்கும் பிரஷ் தேய்ந்திருப்பது, அது உரசும் வளையம் அழுக்காக இருப்பது, அல்லது தண்டின் ரப்பர் இணைப்பைத் தாண்டிச் செல்லும் எர்த் பட்டை அறுந்திருப்பது. மின்சாரமே பட்டன் வழியாக வரும் காரில் இதைச் செய்தால் ஃபியூஸ் போய்விடும்.

ஐந்தாம் படி: திருகிப் பாருங்கள்

‘டக்’ மட்டும் அடிக்கும் ஹாரனில் பின்புறமுள்ள சிறிய சரிசெய்யும் திருகைத் தேடுங்கள். பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி ஒலிக்கவிடுங்கள். முதலில் தொண்டையைச் செருமும், பிறகு கரகரக்கும், திடீரென்று குரல் தெளியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கணம் அதுதான். நடுவிலுள்ள பெரிய திருகைத் தொடாதீர்கள். பல ஹாரன்களில் உள்ளே இருக்கும் இடைவெளி அதனால் கலைந்துவிடும். ஜோடி ஹாரன் என்றால் ஒன்றின் ஒயரைக் கழற்றிவிட்டு மற்றதைச் சரிசெய்யுங்கள்.

ஆறாம் படி: மாற்றுவது

இத்தனைக்கும் மசியாவிட்டால்தான் புதிது. பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். வோல்ட் அளவும் டெர்மினல் எண்ணிக்கையும் பொருந்தும் ஹாரனாக வாங்குங்கள். அடுக்குத் தகடுகளாலான பிராக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஹாரன் அதிர வேண்டும், பாடியில் எங்கும் உரசக் கூடாது. சங்கு வடிவ ஹாரனின் வாய் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் தேங்காது. புதியது அதிக மின்சாரம் இழுத்தால் ரிலே சேருங்கள். அதன் முனைகளில் எண்கள் இருக்கும்: 30-க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-இல் ஹாரன், 85-உம் 86-உம் பட்டன் சுற்றுக்கு.

எர்த் ஒயரைக் கடைசியாக மாட்டுங்கள். மாட்டிய கணமே யாரும் தொடாமல் ஹாரன் அலறினால் பதறாமல் அதே ஒயரை மறுபடி கழற்றுங்கள். பட்டன் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது, அல்லது ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது.