ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வராமல் இருக்க

குளச்சலில் எங்கள் கால்பந்து குழுவில் பாதிப் பேர் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில், மீதிப் பேர் மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு அரட்டை வலையமைப்பில். இரண்டையும் இணைக்க, ஒரு பக்கம் வரும் செய்தியை மறுபக்கம் தானாகவே போடும் ஒரு பாட் (நிரல்) எழுதினேன். முதல் ராத்திரியே "நாளை 6 மணிக்குப் பிராக்டிஸ்" என்ற ஒற்றை வரி விடிய விடிய வந்துகொண்டே இருந்தது. "மக்கா, எத்தனை பிராக்டிஸ்டே?" என்று ஒருவன் போன் போட்டான்.

மேட்ரிக்ஸில் தானே போட்ட செய்தியை யாரோ எழுதியதாக நினைத்து பாட் டிஸ்கார்டுக்கு அனுப்பும். அங்கிருந்து மறுபடி இங்கே.

முதலில், அனுப்பியவர் ஐடி பாட்டின் ஐடியாக இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். நானும் அதைத்தான் செய்தேன், நிற்கவில்லை! ஆட்களின் பெயரும் படமும் தெரிய வேண்டும் என்று டிஸ்கார்டில் வெப்ஹுக் (விரும்பிய பெயரிலும் படத்திலும் செய்தி போட டிஸ்கார்ட் தரும் தனி முகவரி) வழியாகப் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் அனுப்பியவர் ஐடியாக வருவது வெப்ஹுக்கின் ஐடி, பாட்டினுடையது அல்ல. அதையும் தவிர்ப்புப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அடங்கியது.

வாசகத்தை ஒப்பிட்டுத் தடுக்காதீர்கள். இரண்டு பேர் "சரி" என்று எழுதினால் ஒருவருடையது காணாமல் போகும். இரு பக்கச் செய்தி ஐடிகளையும் ஜோடியாக டேட்டாபேஸில் எழுதி வையுங்கள்; வரும் செய்தியின் ஐடி ஏற்கனவே அதில் இருந்தால் விட்டுவிடலாம். மேட்ரிக்ஸில் திருத்தம்கூடப் புது நிகழ்வாகத்தான் வரும், அப்போது மறுபக்கம் எந்தச் செய்தியைத் திருத்துவது என்று அறியவும் இந்த ஜோடி உதவும்.

இன்னொருவரின் பாட்டும் அதே அறையில் இருந்தால், செய்தி கடந்து வந்த இடங்களைக் கூடவே அனுப்ப வேண்டும்; தன் பெயர் அதில் இருந்தால் பாட் அதை விட்டுவிடலாம். யூஸ்நெட் என்ற பழைய கலந்துரையாடல் வலையமைப்பு, பாத் (Path) என்ற தலைப்பு வரியில் அந்தக் காலத்திலேயே இதைச் செய்தது. அப்புறம், நிமிடத்துக்கு 30 செய்தி தாண்டினால் பாட் தானே நிற்கும்படியும் வைத்திருக்கிறேன்.